மாரியில் இறுகாத கதவு

மனைவி மௌத்தான பிறகு அவளுடைய வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மகள்மார் இருவரும் அக்கரைப்பற்றில். மாரி தொடங்கினால் தெருக்கதவு ஊறி, நிலையோடு இறுகிவிடும். பின்கதவால் இறங்கினால் கணுக்கால் அளவு வெள்ளம். பக்கத்து வளவில் இருக்கும் மனைவியின் தம்பி, விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் வெளியே நின்று தோளால் இடிப்பார். நான் உள்ளே நின்று இழுப்பேன். பெரும்பாலும் ஐந்தாவது இடியில் திறக்கும்.

“என்ட தோள்தான் போகுது, உங்கட கதவு போகுதில்ல மச்சான்,” என்று ஏசிக்கொண்டே வந்து தேத்தண்ணி குடிப்பார். சீனி மூன்று கரண்டி. அநேகமான நாட்களில் நான் மனிதரோடு கதைப்பது அவ்வளவுதான்.

ஆனாலும் அவரை வருத்துகிறேனே என்று எனக்குக் கவலை. போன மாரியில் வளவு வேம்பு காற்றில் சாய்ந்தபோது, அதில் இறுகாத கதவு ஒன்று செய்வதென்று தீர்மானித்தேன். குற்றியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அரிவதற்கு மரக்காலைக்குக் கொண்டுபோனேன்.

“நேரா அரிஞ்சா பதினாலு பலகை வரும் சேர்,” என்றார் மரக்காலைக்காரர்.

“அது மழைக்கு ஊதும், வளையும். நாலாப் பொளந்து அரிங்க.”

“அப்ப ஒம்பதுதான். அதுவும் ஒடுக்கம். மிச்சமெல்லாம் வெறகு.”

“வெறகு எனக்கு வேணும்.”

“தனி ஆளுக்கு எத்தன அடுப்பு சேர் எரியுது?”

அவர் குற்றியை நடுவால் இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கினார். பிறகு கால்துண்டின் ஒரு முகத்தில் ஒரு பலகை, உருட்டி மறு முகத்தில் ஒரு பலகை என்று மாறி மாறி அரிந்தார். அப்படி அரிந்தால் மரத்தின் வளையங்கள் பலகையின் கனத்தில் நிமிர்ந்து நிற்கும். ஈரம் பட்டாலும் அகலம் அவ்வளவாகப் பெருகாது. விழுந்த ஒவ்வொரு பலகையின் முனையையும் குனிந்து பார்த்தேன். இரண்டில் வளையம் சாய்ந்திருந்தது. ஒதுக்கச் சொன்னேன்.

“பொண்ணு பாக்கப் போனாலும் இவ்வளவு பாக்கமாட்டாங்க சேர்!”

வேப்பந்தூள் உதட்டில் கைத்தது.

பலகைகள் ஒரு கோடை முழுவதும் நிழலில் காய்ந்தன. மேசன் வீதித் தச்சர் தேறிய ஏழு பலகைகளையும் இணைத்துக் கதவாக்கினார்.

மாரி வந்தது. முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் ஒரு விரலால் இழுத்தேன். திறந்தது. வாசலில் மச்சான் குடையோடு போய்க்கொண்டிருந்தார்.

“தொறக்குதா?”

“ஓம்.”

“அல்ஹம்துலில்லாஹ், என்ட தோள் தப்பிச்சு!” நிற்காமல் போய்விட்டார்.

அவருக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணி ஆறியது. அடுத்த நாளும் ஆறியது, அதற்கடுத்த நாளும். கூப்பிட்டிருக்கலாம். அலுவல் ஒன்றும் இல்லாமல் மனிதரை என்னவென்று கூப்பிடுவது?

நான்காம் காலை, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளே நின்றேன். செருப்புச் சத்தம் கேட்டது.

“மச்சான், கதவு இறுகிப் போச்சு!”

“புதுக் கதவுமா?”

“ஓம். தள்ளுங்க.”

அவர் பழைய பலத்தோடு தோளைக் கொடுத்தார். கதவு சும்மா திறந்துகொள்ள, உள்ளே ஓடிவந்து மேசையைப் பிடித்துத்தான் நின்றார். திரும்பிப் போய்க் கதவின் ஓரத்தை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார்.

“நல்லா இறுகித்தான் இரிக்கி,” என்று கதிரையை இழுத்தார். “சீனி மூணு கரண்டி.”