துப்பாக்கிக்குப் பூட்டுச் செய்த ஆரோக்கியசாமி

சென்ற வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது குள்ளஞ்சாவடியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் கலியமூர்த்தி, ஆரோக்கியசாமியின் முந்திரித் தோப்புக்குப் பக்கத்துத் தோப்புக்காரர். “மேடம், நம்ம ஆரோக்கியம் போயிட்டாருங்க. டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. நாளைக்கு பத்து மணிக்கு எடுக்கறோம்” என்றார். ‘எடுக்கறோம்’ என்று வீட்டு மனிதரைப்போல அவர் சொன்னதுதான் என் கண்ணைக் கலங்க வைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நெய்வேலிச் சுரங்கப் பணிமனையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ஆரோக்கியசாமியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் பாதுகாப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. மதுரையிலிருந்து புதிதாக வந்த இளம் பொறியாளராக நான் அந்தப் பிரிவில் சேர்ந்தபோது அவருக்கு அங்கே இருபது ஆண்டு அனுபவம். பெல்ட்டில் இறங்கி வேலை செய்பவர், முதலில் அதன் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை வேறு யாரும் பெல்ட்டை ஓட்ட முடியாது. ஒருநாள் அவசரம் என்று ஒரு மேலதிகாரி பூட்டை உடைக்கச் சொன்னார். ஆரோக்கியசாமி சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “மெஷினுக்கு ஆளைத் தெரியாதுங்க சார். நாமதான் தெரிய வைக்கணும்” என்றார். குரல் உயரவே இல்லை. பூட்டு உடைபடவும் இல்லை.

அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருப்பதே எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும். அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி. தோப்புக்குள் காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பதற்காக வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், அவர் ஷிப்டில் இருந்த நேரத்தில் அவருடைய தம்பிக்கும் கலியமூர்த்திக்கும் வேலித் தகராறு முற்றியது. தம்பி வீட்டுக்குள் ஓடி, அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து, கலியமூர்த்தியின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்துவிட்டார். தோட்டா நமத்துப்போயிருந்தது. வெடிக்கவில்லை.

கலியமூர்த்தி, போன வியாழக்கிழமை ‘எடுக்கறோம்’ என்று சொன்ன அதே மனிதர், புகார் கொடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். விஷயத்தை அப்படியே அமுக்கியிருக்கலாம். ஆரோக்கியசாமி மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். நடந்ததைச் சொல்லி, அலமாரியைப் பூட்டாமல் விட்டது தன் தப்பு என்று எழுதியும் கொடுத்தார். தம்பி ஓர் ஆண்டு அவரோடு பேசவில்லை. விசாரணை முடிந்து துப்பாக்கி திரும்பி வர எட்டு மாதமாயிற்று. “உங்களுக்கு நல்ல நேரம், ஆரோக்கியசாமி” என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “நல்ல நேரம் இல்லீங்க மேடம், மழை. நமத்துப்போன தோட்டாவ நம்பிகினு ஒரு குடும்பம் இருக்கக்கூடாது.”

துப்பாக்கியை ஒரேயடியாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. “பன்னி வந்தா நீங்க வந்து வெரட்டுவீங்களா?” என்று சிரித்தார். அப்புறம் தன் யோசனையைச் சொன்னார். துப்பாக்கியைத் தொட்டு மாற்றினால் சட்டக் குற்றம். அதனால் விசையை மூடி வெளியே மாட்டுகிற ஓர் இரும்புக் கவசம் செய்ய வேண்டும். உரிமம் உள்ளவர் விரலில் காந்தம் பதித்த மோதிரம். மோதிரக் கை நெருங்கினால் மட்டும் உள்ளே இருக்கும் பேட்டரி ஓர் ஊசியை இழுத்துக் கவசத்தைத் திறக்கும். வேறு யார் எடுத்தாலும் அது வெறும் இரும்புக் கம்பி. பணிமனைக் கழிவில் கிடந்த ஒரு திருகைக்கூட அவர் இதற்கு எடுக்கவில்லை. சாமான்களைச் சென்னையில் வாங்கிவந்து, குவார்ட்டர்ஸ் சமையலறையில், மனைவி பிலோமினாவின் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார். பேட்டரிக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்.

பூட்டு தயாரான சமயத்தில் தேர்தல் வந்தது. வாக்கு எண்ணிக்கை முடியும்வரை உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. வடலூரில் ஓய்வுபெற்ற சுபேதார் தனபாலின் மரவாடியில் துப்பாக்கிக்காரர்கள் கூடினார்கள். சர்க்யூட்டை விளக்க வரவேண்டும் என்று ஆரோக்கியசாமி என்னையும் அழைத்துப் போயிருந்தார். இருபது பேருக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். “தேர்தல் முடியற வரைக்கும் பன்னிக்கும் லீவு சொல்லியிருக்காங்களா?” என்றார் வேர்க்கடலை பயிரிடும் ஒருவர்.

ஆரோக்கியசாமி எழுந்து, தேர்தலோடு இது முடியாது, வருஷம் முழுக்க நம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம் என்றார். துப்பாக்கிபோலவே விசை வைத்துச் செய்த மரக்கட்டையில் பூட்டை மாட்டிக் காட்டினார். கை மாறிக் கை மாறி எல்லோரும் இழுத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. அவர் மோதிரக் கையால் தொட்டார், திறந்தது.

சுபேதார் தனபாலுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னைக்கு நீ ஆசையா மாட்டுவ. நாளைக்கு எல்லாரும் மாட்டணும்னு சட்டம் வந்துடும். திருடன் வச்சிருக்கறதுக்கு யார் பூட்டு போடுவா? முப்பது வருஷம் துப்பாக்கி புடிச்ச கை இது. இத நம்பாதவன் எனக்கு லைசென்ஸ் ஏன் குடுத்தான்?”

“ஒங்க கைய யாரும் சந்தேகப்படல சுபேதார். ஒங்க வூட்டுல இன்னும் எத்தினி கை இருக்குது?” என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

தனபால் விடவில்லை. “சரி, நீயே எடு. வேகமா. இன்னொரு வாட்டி. இன்னொரு வாட்டி.” நான்காவது முறை பூட்டு திறக்கவில்லை. உள்ளே பேட்டரி முனகியது, ஊசி அசையவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். “பன்னி முன்னால நின்னா என்னா பண்ணுவ, பேட்டரி வாங்க வடலூருக்கு பஸ் ஏறுவியா?” என்று ஒருவர் கேட்டார். பேட்டரிக் கணக்கில் நான் செய்த தவறு அது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆரோக்கியசாமிக்கும் புரிந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க சொல்றது ஞாயம். இது இன்னும் சரியாவல” என்று மட்டும் சொல்லிவிட்டு மரக்கட்டையைப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் பேருந்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். “கணக்கு ஒங்களுது, மாட்டுனது நானு. நூறு வாட்டி தெறந்து பாத்துட்டு எடுத்தாந்திருக்கணும், பத்து வாட்டிதான் பாத்தேன்” என்றார். அப்புறம் அவரே தொடர்ந்தார். “சிரிச்சவங்க யாரும் பூட்டு வேணாம்னு சொல்லல மேடம், கவனிச்சீங்களா? தெறக்கலன்னுதான் சிரிச்சாங்க. அத சரி பண்ணிடலாம்.”

ஆறு மாதத்தில் சரி செய்தார். பேட்டரியையே தூக்கி எறிந்துவிட்டார். மோதிரத்தின் காந்தமே ஊசியை நேராக இழுத்தது. சாதாரணக் காந்தத்துக்கு அது அசையாதபடி, மூன்று காந்தங்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் வைத்தால்தான் திறக்கும்படி அமைத்தார். ஆயிரம் முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் நோட்டுப்புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கப்புறம் அவரைத் தேடி முதலில் வந்தவர் சுபேதார் தனபால்தான். காரணம் எதுவும் சொல்லவில்லை. “எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு” என்றார். வெளியே மாட்டும் பூட்டுக்குத் தடையில்லை என்று உரிம அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஆரோக்கியசாமி செய்து கொடுத்தார்.

அடுத்த கோடையில், ஷிப்ட் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது பணிமனை வாசலில் தனபால் நின்றுகொண்டிருந்தார். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், குடித்துவிட்டு வந்த மருமகன், மனைவியோடு சண்டையிட்டுத் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவும் போட்டுவிட்டான். “இழுத்தான் ஆரோக்கியம். ஆளுங்க வந்து புடிக்கற வரைக்கும் இழுத்துகினே இருந்தான்.” அந்தப் பெரிய மனிதர் ஆரோக்கியசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். பணிமனையே பார்த்தது. ஆரோக்கியசாமி பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பொண்ணு இப்ப எங்க இருக்குது?” என்றுதான் கேட்டார். அன்று மாலையே பிலோமினாவை அழைத்துக்கொண்டு வடலூருக்குப் போனார். அந்தப் பெண் இன்று மந்தாரக்குப்பத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார்.

அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் பதினோரு பேருக்குச் செய்து கொடுத்தார். பணி ஓய்வு பெற்றதும் தன்னுடைய துப்பாக்கியை உரிமத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது, வெடிக்குத் தேவையில்லை. தனபாலுக்கு வருத்தம். பூட்டு கண்டுபிடித்த ஆளே விட்டுவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். “பூட்டு, துப்பாக்கி வச்சிருக்கற வரைக்கும்தான் சுபேதார். எப்பவும் வச்சிருக்கறதுக்கு இல்ல” என்பது ஆரோக்கியசாமியின் பதில்.

இப்போது எங்கள் பிரிவின் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு புதிய இயந்திரத்தைக் கொண்டுவந்த நிறுவனத்தார், “பயிற்சி பெற்றவர்கள்தான் தொடுவார்கள் மேடம், பயமே வேண்டாம்” என்றார்கள். பயிற்சி பெற்றவர் கோபத்தில் இருந்தால் என்ன ஆகும், தூக்கமில்லாமல் வந்தால் என்ன ஆகும், அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினேன். சரிசெய்து கொண்டுவந்தார்கள். நல்லவர்களையும் அவர்களுடைய மோசமான ஐந்து நிமிடத்தோடு சேர்த்துப் பார்க்கிற அந்தக் கண் எனக்குப் பிறவியில் இருந்ததில்லை. ஆரோக்கியசாமியிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது அது. இனி அது என்னிடம் இருக்கும்.