இரவல் மூக்கு

எங்கள் ஊர் வந்துவிட்டது என்பதை ரயிலில் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். காட்பாடி தாண்டிக் கண்ணயர்ந்துவிட்டாலும் பயமில்லை. ஜன்னலோரம் இருப்பவர் கைக்குட்டையைத் தேடுவார், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரி ஒன்று, தெருமுனையில் இன்னொன்று. தோல் வாடை, தோல் வாடை என்கிறார்களே, அது எங்கள் மூக்குக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் காலில் கிடக்கும் ஷூ எங்கிருந்து வந்ததாம் என்று கேட்க வாய் துறுதுறுக்கும்.

அந்த ரோஷத்தையெல்லாம் என் மகள் அடக்கிவிட்டாள். மூன்று வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். மூச்சு முட்டும்போது கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு வேறு நரகம் தேவையில்லை. வேலூரில் பார்க்கிற டாக்டர் ஒருநாள் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மருந்த நான் மாத்திக்கிட்டே இருக்கலாம்மா. காத்த நீங்கதான் மாத்தணும். வாடை இல்லாத எடமா பாருங்க.”

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அந்த மனைப்பிரிவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பெரிய வளைவு, தார் ரோடு, மஞ்சள் அடித்த எல்லைக்கல், சறுக்குமரம் வைத்த பார்க், மேல்நிலைத் தொட்டி. பின்னால் ஒரு காம்பவுண்டு சுவர், அதற்கப்பால் தென்னந்தோப்பு. புரோக்கர் காகிதங்களை விரித்து அப்ரூவல், அப்ரூவல் என்றார். நான் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துவந்து வீட்டில் டீ போட்டேன். எங்கள் பக்கத்தில் காகிதத்துக்கு முன்னால் பாலைத்தான் பார்ப்போம். டேனரிக் கழிவு இறங்கிய தண்ணீர் பாலைத் திரித்துவிடும். இதில் திரியவில்லை.

மறுபடி போனபோது மகளையும் கூட்டிப்போனோம். அவள் சறுக்குமரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

“ஒண்ணுமே இல்ல. ஜம்முனு இருக்குது.”

“உங்க மூக்க நம்பி நான் வீடு கட்டணுமா? டேனரிக்குப் பின்னால உக்காந்து பிரியாணி துன்ற மூக்கு அது.”

“உன் மூக்கு மட்டும் இன்னா, லண்டன்லயிருந்து வந்துச்சா?”

சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் பகீரென்றது. நல்ல தண்ணீரை நாங்கள் சோதித்துவிடலாம், நல்ல காற்றை முடியாது. எங்களிடம் அதற்கான மூக்கு இல்லை. வெளியூரிலிருந்துதான் ஒன்றை இரவல் வாங்க வேண்டும்.

“அரக்கோணத்துலருந்து உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க” என்றேன் நான்.

என் நாத்தனாரும் ஆம்பூரில் பிறந்தவள்தான். கல்யாணமாகி அரக்கோணம் போன புதிதில் ஒன்றும் தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்தவள், நாலைந்து வருஷத்தில் பிறந்த வீட்டு வாசலிலேயே மூக்கைச் சுளிக்க ஆரம்பித்தாள். அதற்காக அவளோடு நான் போடாத சண்டையில்லை. இப்போது அந்த மூக்கைத்தான் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தேன். அண்ணன் மகளுக்காக அவளும் உடனே கிளம்பினாள்.

“ஸ்டேஷன்லருந்து நேரா இட்டும்போய்க் காட்டிட்டு வந்துடட்டா?” என்று இவர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ண வாசப்படி மிதிக்க வெக்காம, ஒரு வாய் சோறு போடாம, பொட்டக் காட்டுல கொண்டுபோய் நிறுத்துவீங்களா? பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?”

நாத்தனார் வீட்டுக்கு வந்தாள், வழக்கம்போல மூக்கைச் சுளித்தாள், நான் வழக்கம்போல முறைத்தேன். அன்றைக்குப் பிரியாணி. மறுநாள் கோயில். அதற்கடுத்து அவளுடைய பெரியம்மா வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்து சாவகாசமாக மனையைப் பார்க்கப் போனோம். வளைவுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்தாள். நான் சாமி கும்பிடுவதுபோல் நின்றிருந்தேன்.

“ஒண்ணுமே தெரியல அண்ணி. எங்க ஊர் மாதிரியே இருக்குது.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஆம்பூர் வீட்டை விற்றோம். கடன் வாங்கிக் கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு நாத்தனாரால் வர முடியவில்லை, நிறைமாதம். வந்தவர்கள் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு வந்த ஆம்பூர் ஜனங்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் வீடு கட்டியிருந்தவர்களும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று டேனரி ஊர்க்காரர்களே. பக்கத்து வீட்டில் ஒரு தோல் வியாபாரியின் குடும்பம்.

“ஹவா பாருங்க அக்கா, இன்னா சுத்தம்!” என்று காற்றைப் புகழ்வாள் அந்த வீட்டுப் பெண். “எங்க மாமியாருக்கு மூச்சு பேஜார் ஜாஸ்தி. அதுக்குத்தான் வந்தோம்.”

சாயங்காலமானால் பார்க்கில் உட்கார்ந்து நல்ல காற்று, நல்ல காற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

மகளுக்குக் குணமாகவில்லை. முதலில் பெயின்ட் வாடை என்றோம். பிறகு சிமென்ட் தூசி. பிறகு காலி மனைகளில் முளைத்துக்கிடந்த பார்த்தீனியம், ஆள்விட்டு வெட்டினோம். பிறகு ஐஸ்கிரீம். ஒவ்வொன்றாக நிறுத்தியும் இழுப்பு நிற்கவில்லை. மருந்துப் புகை வைக்கும் மெஷின் முன்பு எப்போதாவது ஓடும், இப்போது தினம் ஓடியது. வேலூரில் டாக்டர் கேட்டார்.

“வீடு மாறிட்டீங்க இல்ல?”

“மாறிட்டோம் சார். வாடையே கிடையாது” என்றேன். அவர் என்னை நம்பி வேறு மருந்து எழுதினார்.

கைக்குழந்தைக்குக் கழுத்து நின்ற பிறகு நாத்தனார் புது வீட்டைப் பார்க்க வந்தாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு வழியைப் பார்த்து நின்றேன். வளைவுக்கருகே ஆட்டோ நின்றது. குழந்தையோடு இறங்கினாள். இறங்கியதும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். மிச்சத்தைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

எத்தனை ரயிலில் பார்த்த முகம் அது. என் ஊர் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“நாத்தம் அடிக்குதா? மறைக்காம சொல்லு.”

“அப்ப இல்லியே அண்ணி...” என்று இழுத்தாள். “லேசா அடிக்குது.”

மறுநாள் காலை இவர் காம்பவுண்டு சுவரைச் சுற்றிக்கொண்டு தென்னந்தோப்பைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் சதைக் கழிவைக் காயப்போடும் களம் அங்கே இருக்கிறதாம்.

“எப்பலருந்து?” என்றேன்.

“லேஅவுட் போடறதுக்கு முன்னாலயிருந்தே இருக்குதாம்.”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அப்படியென்றால் மனை பார்க்க வந்த அன்று நாத்தனாருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? பொய் சொல்கிறவள் இல்லை. எனக்கு விளங்கவேயில்லை. திரும்பிப் போக ஆம்பூரில் வீடில்லை. இந்த வீட்டை யார் தலையில் கட்டுவது? மூச்சு முட்டும் பிள்ளையை வைத்திருக்கும் இன்னொரு ஆம்பூர்க்காரியின் தலையிலா?

இரண்டு நாள் கழித்து நாத்தனார் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பரிவோடு சொன்னாள்.

“அண்ணி, இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. நெஜமாத்தான். காத்து மாறிட்ச்சு போல. நீங்க பேஜாராவாதீங்க.”

நான் சுவருக்கு அப்பால் பார்த்தேன். காற்று மாறவில்லை. தென்னை ஓலைகள் நேற்றைப் போலவே எங்கள் வீட்டுப் பக்கம்தான் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மாறியிருந்தது அவள் மூக்கு. இரண்டு நாள் போதும் அதற்கு. அன்றைக்கும் அப்படித்தான், பிரியாணி போட்டு, கோயிலுக்கு அழைத்துப்போய், விருந்துக்கு அனுப்பி, ஆசையாக வரவழைத்த மூக்கை என் கையாலேயே எங்கள் மூக்காக்கிவிட்டுத்தான் கூட்டிப்போயிருக்கிறேன்.

உள்ளே போனேன். மகள் யாரையும் எதிர்பார்க்காமல் தானே மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மாஸ்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

“வாடை போயிட்ச்சாமேம்மா? அத்தை சொல்றாங்க.”

“போயிட்ச்சும்மா” என்றேன்.