கனடாவிலிருந்து வந்த மணியார்டர்

பாபநாசத்தில் என் வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பித்தளைப் பாத்திரங்கள் விற்கிறேன். சென்ற ஆண்டு கனடாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் போனில் பேசினார். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்கள் வேண்டும் என்றார். சில நாட்களில் கூரியரில் வெளிநாட்டு மணியார்டர் வந்தது; காசோலைபோல வங்கியில் கொடுத்துப் பணமாக்க வேண்டிய தாள். ஆனால், நான் சொன்ன விலையைப்போல இரண்டு மடங்கு தொகை!

“மீதியை பார்சல் ஏஜென்ட்டுக்கு அனுப்பிடுங்கக்கா. அவரே வந்து சரக்கை எடுத்துக்குவாரு” என்று அந்தப் பெண் போனில் சொன்னார்.

மணியார்டரைக் கும்பகோணத்தில் வங்கியில் கொடுத்தேன். அன்றிலிருந்து ஓயாமல் போன். “கல்யாணம் நெருங்கிடுச்சுக்கா. சீர் வரலன்னா சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்று அழுதார். எனக்கும் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். மனசு கேட்கவில்லை. பணம் அனுப்பப் போனை எடுத்தவள், ஏதோ உறுத்தவே, முதலில் வங்கிக்குப் பேசினேன்.

“இன்னும் பணம் வரலீங்க. அது வர்ற வரைக்கும் யாருக்கும் எதுவும் அனுப்பிடாதீங்க” என்றார் மேலாளர்.

அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரலே மாறியது. “ஏமாத்துறியா? போலீஸுக்குப் போவேன்!” என்று மிரட்டினார். பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கடைசியில் மணியார்டர் போலி என்று திரும்பி வந்தது. மீதியை அனுப்பியிருந்தால் என் கைப்பணம்தான் போயிருக்கும். போலியைக் கொடுத்தவள் என்று என்மேலேயே வழக்கு வருமோ எனப் பயந்தேன். நல்லவேளை, வங்கியில் என்னை நம்பினார்கள்.

யாராவது அழுதால் இப்போதும் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனாலும், பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று வங்கி சொல்லாமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே அனுப்புவதில்லை. கூடுதலாக அனுப்பி மீதி கேட்பவர்களின் ஆர்டரே எனக்கு வேண்டாம்.