தறியில் என் இடப்பக்கம்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன அன்றைக்கே அவளைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டேன். எங்கள் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலுக்கு நான் ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ளினால், கரை நாடாவைத் தள்ள என் இடப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும். நான்கு வருடமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அவள்தான் உட்காருவாள். பரீட்சை வருஷம், பிள்ளை படிக்கட்டும் என்று எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏதோ தியாகம் செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு.

கார்த்திகைக்குள் அவள் பேச்சு நின்றுவிட்டது. தட்டில் சோறு அப்படியே இருக்கும். புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கும். "இன்னாடி ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்லமா." நான் பொறுமைசாலி இல்லை. கத்தினேன். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டினேன். யாருடைய கையையோ நீட்டுவது போல அவள் கையை நீட்டினாள். பிள்ளை என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

எங்கள் தெருவிலிருந்து தள்ளி, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய பெண்ணிடம், "என் அக்கா பொண்ணுக்குமா" என்று பொய் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஊர் வாய்க்கு அவ்வளவு பயம். பெற்றோர் எழுதிக் கேட்டால் ஆலோசகர்கள் பதில் எழுதும் பக்கம் ஒன்றை அவள் தேடிப் பிடித்தாள். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அடித்தாள். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. பிரிண்ட் எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். சேர்ந்து ஏதாவது வேலை செய்யுங்கள், பேச்சு தானாக வரும். வந்தால் குறுக்கே பேசாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் கடைசி வரியை மட்டும் உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பைத்தியம் என்று தெருவில் பேசிவிட்டால் நாளைக்கு யார் இவளைக் கட்டிக்கொள்வார்கள்?

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். "கரைக்கு ஆள் இல்ல. கொஞ்ச நேரம் வந்து குந்துடி."

வந்தாள். முதல் நாள் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு நரக வேதனை. மூன்றாம் நாள், நாடாவைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"என்னை எழுப்பிட்டு அவங்கள குந்த வெச்சப்பவே தெரிஞ்சுக்கினேன்மா. இனிமே மார்க் எடுக்கத்தான் நான் இந்த வீட்ல. இப்ப அதுவும் முடியல. படிச்சா ஒண்ணும் மண்டையில ஏறமாட்டேங்குது."

உன் நல்லதுக்குத்தானேடி என்பது தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"மேல சொல்லு."

"காலைல எழுந்துக்கவே பயமா இருக்குது. டாக்டர் யாருகிட்டனா கூட்டினு போறியாமா? தெருவுல யாரும் பார்க்காம போய்ட்டு வந்துடலாம்."

தெருவின் பேச்சுக்கு நான் பயந்தது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தன் நோயோடு என் பயத்தையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். அன்றிலிருந்து இடுப்பிலேயே வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். மடிப்பைப் பிரித்து, கடைசி வரியை அவளிடம் காட்டினேன்.

"பட்டப்பகல்லயே போலாம்டி," என்றேன்.