நவநீத் தோண்டவைத்த கேபிள்

ஊர்ப்பற்றினால்தான் அமெரிக்காவை விட்டு வந்ததாக நவநீத் சொல்லிக்கொண்டான். 2009இல் அங்கே கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன் என்பதைச் சொல்லவில்லை. திருக்காட்டுப்பள்ளி நிலத்தை விற்று அவனைப் படிக்கவைத்த அப்பா அனந்தநாராயணனுக்கும் அது தெரியாது.

தஞ்சாவூருக்கு வெளியே, வயலை மேடாக்கிக் கட்டியிருந்த ஒரு பொறியியல் கல்லூரி அவனைக் கணினிப் பிரிவுக்குத் தலைவனாக்கியது. வந்ததும் வராததுமாக, இங்கே எல்லாமே பழசு என்று முகம் சுளித்தான். புதிதாக வாங்கியிருந்த சர்வரின் இயங்குதளத்தை யாரையும் கேட்காமல் புதுப்பித்தான். அப்புறம் அதில் ஒரு கிளையண்ட் மென்பொருளை நிறுவ உட்கார்ந்தான். பல சர்வர்களில் பிரிந்து கிடக்கும் கோப்புகளை ஒரே இடத்தில் இருப்பதுபோல் காட்டுவது அதன் வேலை.

நிறுவி முடிந்தது என்று திரை சொன்னது. கோப்பு ஒன்றுகூட வரவில்லை. கூடவே ஒரு பிழைச் செய்தி வந்திருந்தது. நவநீத் அதைப் படிக்கவில்லை. படிப்பதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை என்ற நினைப்பு. அழித்தான், நிறுவினான், மறுபடி அழித்தான். மின்சாரத்தைக் குறைசொன்னான், தூசியைக் குறைசொன்னான், கடைசியில் கேபிள் போட்ட வீரையனைப் பிடித்துக்கொண்டான்.

வீரையன் அவனைவிட இருபது வயது மூத்தவர். எல்லார் முன்னாலும் நிறுத்தி, ஒழுங்காக வேலை செய்யத் தெரியாதா என்று கேட்டான். மற்ற சர்வர்கள் அதே கேபிளில்தான் ஓடுகின்றன என்று அவர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. ஐப்பசி மழையில், முழங்கால் சேற்றில், கல்லூரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தோண்டிப் புதுக் கேபிள் போட்டார் வீரையன்.

அதிலும் கோப்புகள் வரவில்லை.

அதே அறையில் வேலை பார்த்த முத்துப்பேட்டை ஃபஹ்மிதா, துபாயில் சில வருஷம் சர்வர் பார்த்தவள். "சார், அந்த மெசேஜ ஒரு தடவ படிச்சுப் பாருங்களேன்" என்றாள். அவள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்துதான் படித்தான். கிளையண்ட் பழைய கெர்னலுக்காகச் செய்தது, இந்தக் கெர்னலில் ஓடாது என்றது செய்தி. இயங்குதளத்தின் அடிப்பகுதியான அந்தக் கெர்னலை மாற்றியது அவனேதான். பழைய கெர்னலில் சர்வரைக் கிளப்பினான். கோப்புகள் வந்துவிட்டன.

கேபிள் கோளாறைச் சரிசெய்துவிட்டதாக முதல்வரிடம் போய்ச் சொன்னான். ஃபஹ்மிதா திரும்பி வந்து சர்வரைப் பார்த்தவுடன் நடந்தது புரிந்துவிட்டது. வெளியே குழியை மூடிக்கொண்டிருந்த வீரையனிடம் போய்ச் சொன்னாள். அவர் கால் சேற்றோடு உள்ளே வந்தார்.

"அப்ப கேபிள்ல ஒண்ணும் இல்லீங்களா சார்?"

"எதுக்கும் மாத்தினது நல்லதுதானேப்பா" என்றான் நவநீத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீரையன் திரும்பி வெளியே போனார். அதற்கப்புறம் கல்லூரியிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வரவில்லை.

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் ஊர்ப்பற்று போன இடம் தெரியவில்லை. மாதக் கடைசிவரைகூட நவநீத் இருக்கவில்லை. அவன் நாற்காலி ஃபஹ்மிதாவுக்கு வந்தது. முதல் காரியமாக அவள் வீரையன் வீட்டுக்குப் போய், நடந்தது தப்பு என்று கல்லூரியின் பெயரால் சொல்லிக் கூப்பிட்டாள். மறுநாள் அவர் வேலைக்கு வந்தார்.