ரெண்டு தம்பிகளுக்கும் ஆமாங்க

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் கிராமப் பொருளாதாரம் படித்தேன். ஆய்வேடு எழுதி, அதைக் கருத்தரங்கில் வாசித்து, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேராசிரியர் தலையாட்டினால்தான் பட்டம். பட்டம் வந்தால் அங்கேயே டியூட்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அப்பாவின் வெங்காய மண்டி. வெங்காயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மண்டியில் அப்பாவும் இருப்பார், நாள் முழுக்கப் பேசுவார். அதுதான் பயம்.

பழனிக்கு அருகே, கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆய்வு. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே கிணறு வெட்டி, ஒரே பம்புசெட்டு வைத்துக்கொள்ள விவசாயிகள் சம்மதிப்பார்களா என்பது கேள்வி. கோடை முழுக்க வரப்பு வரப்பாக அலைந்து கேட்டேன். எல்லோரும் சம்மதித்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். நான் விழுந்த குழிகளில் பாதிக்கு மேல் இந்த நினைப்பு வெட்டியவைதான்.

கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரைப் பற்றி எழுதினோமோ அந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, முடிவுகளைத் தமிழில் வாசிப்போம். அன்று வந்தவர் தக்காளி போடும் விவசாயி. கோடையில் எனக்கு மோர் கொடுத்தவர். நான் வாசித்தபோது ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

அடுத்து வாசித்தவன் என் வகுப்புத் தோழன், தோல் வியாபாரி மகன். அவனும் அதே ஊருக்குத்தான் போயிருக்கிறான், எனக்குப் பிறகு, மழைக்காலத்தில். யாராவது திருடிவிடுவார்கள் என்று நாங்கள் முடிவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. சொந்தக் கிணறு தவிர வேறு எதையும் விவசாயி ஏற்கமாட்டான் என்பது அவன் முடிவு. கேட்டவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்களாம். அதற்கும் முன்வரிசைத் தலை அதே மாதிரி ஆடியது.

அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் கேட்டான்.

"ஏலே, நெசமா அந்த ஊருக்குப் போனியா, இல்ல பழனியில ரூம் போட்டு எழுதுனியா?"

பேராசிரியர் விவசாயியின் பக்கம் திரும்பினார். கூட்டுக் கிணறு வேண்டும் என்று என்னிடம் சொன்னாரா என்று கேட்டார். ஆமாங்க என்றார். வேண்டாம் என்று அவனிடம் சொன்னாரா? அதற்கும் ஆமாங்க. அப்படியானால் எதுதான் உண்மை?

விவசாயி எழுந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்தத் தம்பி, கூட்டுக் கெணறு நல்லதுதானுங்களேன்னு ஆசையாக் கேட்டாருங்க. இந்தத் தம்பிக்குச் சொந்தக் கெணறுதான் புடிச்சிருந்துச்சு. வூடு தேடி வந்த புள்ளைங்ககிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அழுகையை மறைக்க அதைவிட நல்ல வழி எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அரசாங்கமே கிணறு வெட்டித் தருவதுதான் சரி என்று தன் கருத்தைச் சொன்னார். அதற்கும் ஒரு ஆமாங்க. அதை மட்டும் அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

இரண்டு ஆய்வேடுகளும் தள்ளுபடி. வேறு ஊர், முதலிலிருந்து. டியூட்டர் வேலை அதுவரை காத்திருக்காது என்று கல்லூரி முதல்வர் அங்கேயே சொல்லிவிட்டார்.

விவசாயியைப் பஸ் ஏற்றிவிடப் போனது நான்தான். நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இனி யாருக்கும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை, எனக்காகவாவது சொல்லுங்கள், கூட்டுக் கிணறு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். எந்தப் பதிலைச் சொன்னால் இவன் இன்று சோறு தின்பான் என்று தேடுகிற பார்வை.

"கூட்டுக் கெணறுதானுங்க தம்பி," என்றார், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். "மனசப் போட்டு ஒளப்பிக்காதீங்க."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர், அது கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.