குணசுந்தரி சொன்ன சாட்சி

குணசுந்தரியிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் திருவொற்றியூரில் கிடையாது. விடியும் முன்னே காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றினாளென்றால், வெயில் ஏறுவதற்குள் வஞ்சிரம் முதல் காரப்பொடி மீன் வரை காலி. செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவர்களிடம், "இன்னாம்மா, மாப்பிள்ளையா பாக்கற? மீனுதான? எடுத்துக்கினு போ" என்பாள். எண்ணூர்ப் பக்கம் அவள் இருக்கும் குப்பத்தில் அவளுக்கு வாய்க்காரி என்றே பெயர். அந்த வாய்க்காரி போன வருஷம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று பயந்து, சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள்.

அவளுக்கு ஒரே மகன். ஜெகதீசன் என்று வைத்துக்கொள்வோம். தாய், மகன் இருவர் பெயரும் மாற்றியதுதான். இந்த மாதிரி வழக்கில் பாதிக்கப்பட்டவர் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்கிறது சட்டம். சட்டத்தில் நல்லதும் இருக்கிறது, சொல்லத்தானே வேண்டும்.

புருஷன் கடலோடு போன பிறகு, பையனைப் படிக்கவைத்தே தீருவது என்று குணசுந்தரி பிடிவாதமாக இருந்தாள். குப்பத்தை ஒட்டிய தேவாலயத்தில் ஃபாதர் மாலையில் இலவச டியூஷன் நடத்தினார். புயலில் படகுகள் உடைந்தபோது கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து நிவாரணம் வாங்கிக் கொடுத்தவர். குப்பத்தில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள்தான். ஆனாலும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் அவருக்குத்தான் முதல் சொம்பு. பதினொரு வயது ஜெகதீசனை அவளே கையைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே சேர்த்தாள்.

கொஞ்ச நாளில் பையன் மாறிப்போனான். பொழுது சாய்ந்தால் அலறினான். சில மாதம் கழித்துக் காய்ச்சல், பிதற்றல். "பயந்துக்கினான்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். வடசென்னையில் பயந்த பிள்ளைக்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். அம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பார்கள், தர்காவில் ஓதி ஊதுவார்கள், சர்ச்சில் தலையில் கைவைத்து ஜெபம் செய்வார்கள். எந்தச் சாமி கேட்டால் என்ன, பிள்ளை பிழைத்தால் சரி. முதல் இரண்டும் பலிக்கவில்லை. குணசுந்தரி மூன்றாவதற்குப் போனாள். மகனை அந்த நிலைக்கு ஆளாக்கிய அதே கைக்குக் கீழே கொண்டுபோய் அவன் தலையை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் நன்றிக்கு நல்ல நண்டாகப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கள்ளம் தெரியாத மனசுக்கு இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஃபாதர் பிற்பாடு மாற்றலாகிப் போனார். ஜெகதீசனுக்குப் படிப்பு ஏறவில்லை. படகு இன்ஜின் மெக்கானிக் ஆனான். அம்மா கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். படுக்கை எப்போதும் கரையேற்றிய படகில். வீட்டுக்குள் தூங்கமாட்டான். ஊரில் அவனை உம்மணாமூஞ்சி என்றார்கள், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

பத்து வருஷம் கழித்து ஃபாதர் அதே சர்ச்சுக்கு வந்தார். குணசுந்தரி சந்தோஷமாக, "பாதரு வந்துகீறாராம்டா நைனா, ஒரு எட்டு போய் பாத்துட்டு வா" என்றாள். ஜெகதீசன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். தனியாக வைத்துக்கொண்டு அந்த ஆள் தனக்கு என்ன செய்தார், எத்தனை மாதம் செய்தார், சொன்னால் அம்மாவை ஊரைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று எப்படி மிரட்டினார், எல்லாவற்றையும். "இப்ப சின்னப் பசங்க மறுபடியும் பையைத் தூக்கிக்கினு அங்க போவுதுங்கம்மா. இனிமே என்னால சும்மா இருக்க முடியாது."

குணசுந்தரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்தபோது அவளுக்கு ஒரு பிரமிப்புத்தான் மிஞ்சியது. இத்தனையையும் சுமந்துகொண்டா இவன் என்னெதிரே நடமாடினான்? சுமந்ததை இறக்கிவைத்த அன்றைக்கும், அடுத்தவன் பிள்ளைகளுக்காகவா இறக்கினான்? தன் வயிற்றில் பிறந்தவன்தானா என்று அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்ததில் மலர் என்ற இளம் வக்கீல் கட்டணமில்லாமல் கிடைத்தாள். "இத்தினி வருசம் கழிச்சு கேஸு எடுப்பாங்களா?" என்று குணசுந்தரி கேட்டாள். "போக்சோ சட்டம் வந்ததுக்கு அப்புறம் நடந்ததும்மா. அதுல புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. பொண்ணு, பையன்னு வித்தியாசமும் கிடையாது. சின்ன வயசுல நடந்ததை வளர்ந்த பிறகும் வந்து சொல்லலாம்" என்றாள் மலர். இத்தனை வருஷமும் சட்டம் கதவைச் சாத்தாமல் இவனுக்காகக் காத்திருந்ததா என்று குணசுந்தரி வாயைப் பிளந்தாள். வாக்குமூலம் எழுத வந்த பெண் எஸ்.ஐ. காக்கி போடாமல் சுடிதாரில் வந்து, "எங்க உக்காந்து பேசலாம், நீயே சொல்லுப்பா" என்றாள். போலீஸ் இப்படிக் கேட்டு அந்தக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனைக்கும் மலரே ஏற்பாடு செய்தாள். ஆரம்பத்தில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவானாம், ஒரு வார்த்தை பேசமாட்டானாம். மெல்ல மெல்லப் பேசினான். பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் படுக்க வந்தான். அவன் குறட்டையைக் கேட்கிற பாக்கியம் கிடைத்ததே என்று அவள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

ஆனால் குப்பத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வழக்கானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரவேண்டும். கேட்காமல் ஸ்டேஷன் படி ஏறினால் ஊரை விட்டு ஒதுக்கிவைப்பார்கள். ஒதுக்கினார்கள். அவளோடு யாரும் பேசவில்லை, ஜெகதீசனிடம் யாரும் இன்ஜின் கொடுக்கவில்லை. அவன் காசிமேட்டில் வேலை தேடிக்கொண்டான். பஞ்சாயத்துத் தலைவர் கருணாகரன் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"கேஸை வாபஸ் வாங்கு குணா. பாதரை வேற ஊருக்கு அனுப்பச் சொல்றோம், முடிஞ்சிபோச்சு."

"இது ஊரு பேசி முடிக்கிற கேஸு இல்லியாம் மாமா. கவருமெண்டு கேஸாம்."

"சரி. உன்னைக் கூண்டுல ஏத்துவாங்கோ. அன்னிக்கு ஜொரத்துல கெடந்தவனைத் தூக்கிக்கினு சர்ச்சுக்குப் போனியே, நானே பாத்தேன். அத்தக் கேப்பாங்கோ. உம் புள்ள எதிர்லயே கேப்பாங்கோ. இன்னா சொல்லுவ?"

அந்தக் கேள்விதான் அவளைப் படுக்கவைத்தது. மகன் எல்லாவற்றையும் சொன்னான், அந்த நாளை மட்டும் சொல்லவே இல்லை. மறந்திருப்பானா? நினைவுபடுத்தினால் மறுபடி படகுக்கே போய்விடுவானோ? பத்து வருஷம் கழித்துக் கிடைத்த பிள்ளை அவன். போகவே இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டால்? மலரிடம் இதை ஒளிக்காமல் கேட்டாள்.

"பொய் சொன்னா கேஸ் உடைஞ்சிரும்மா. உண்மையைச் சொன்னா உங்களுக்கும் பையனுக்கும் நடுவுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன்" என்றாள் மலர். ஆறுதல் சொல்லத் தெரியாத பெண். ஆனால் அவள் பேச்சை நம்பலாம்.

சிறப்பு நீதிமன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரணை. வெளியாள் யாருக்கும் அனுமதி இல்லை. ஜெகதீசன் கண்ணில் ஃபாதர் படாதபடி நடுவே திரை கட்டியிருந்தார்கள். அவன் சாட்சி முந்தைய வாய்தாவிலேயே முடிந்துவிட்டதால், மலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீதிபதி ஒரு பெண்மணி. குணசுந்தரி கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏம்மா, டியூஷன்ல தப்பு நடந்ததுன்னு உங்க பையன் சொல்றார். அதே சமயத்துல அவரை நீங்களே ஃபாதர்கிட்ட ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா, இல்லையா?"

குணசுந்தரி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போனேன் சார். நான்தான் இட்டுக்கினு போனேன். வரமாட்டேன்னு கதவைப் புடிச்சிக்கினான். வெரலு வெரலாப் பிரிச்சி இட்டுக்கினு போனேன்."

வக்கீல் திருப்தியோடு உட்காரப் போனார். நீதிபதி கேட்டார்: "அங்க போய் என்ன சொன்னீங்கம்மா?"

"உங்க டியூசனுக்கு வந்த நாள்லேந்து புள்ள பொழுது சாஞ்சா அலறுறான் பாதரேன்னேன். எவனோ என் புள்ளைய இன்னாவோ பண்ணிகீறான், எவன்னு தெரிஞ்சா குப்பத்தையே கூட்டியாந்து நிறுத்துவேன்னு சத்தம் போட்டேம்மா. அவரு மூஞ்சி வெளுத்துப்போச்சு. எம் புள்ளைக்காகக் கலங்குறாருன்னு நெனைச்சேன் பாவி. பையன் இன்னா சொன்னான், பையன் இன்னா சொன்னான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. ஒண்ணும் சொல்லலன்னேன். டாக்டராண்ட போவாத, நான் ஜெபம் பண்ணிக்கிறேன்னு சொன்னாரு."

நீதிபதி அதை வரி விடாமல் பதிவு செய்யச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கேள்வி கேட்டு மாட்டிக்கொண்ட வக்கீல், மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். தன்னையே குற்றவாளியாக நிறுத்திக்கொண்டு ஒரு மனுஷி பேசியதை அங்கே இருந்தவர்கள் மலைத்துப்போய்க் கேட்டார்கள். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மகன் எழுந்து வெளியே போனது மட்டும்தான் பட்டது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. ஃபாதரைச் சபை பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது, டியூஷனும் நின்றுவிட்டது.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் ஜெகதீசன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். குணசுந்தரி கிட்டே போகத் துணியாமல் தள்ளியே நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட வாய் வரலடா நைனா."

"நீ அந்த ஆளாண்ட சத்தம் போட்டியா?"

"போட்டேன். அங்க போனதுமே மயங்கிட்ட, உனக்குத் தெரியாது."

"அன்னிக்கு அப்புறம் அவன் என்னைத் தொடவேயில்லம்மா. பக்கத்துலகூட வரல. ஏன் நின்னுச்சின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அம்மாவே இட்டாந்து வுட்டுட்டாளேன்னுதான் அந்த வூட்டுல படுக்காம கெடந்தேன்." அவன் அவள் கிட்டே வந்து நின்றான். "உன்னாலதாம்மா நின்னுச்சு."